'ஏனுங்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

கணபதி, கோயமுத்தூர்
14 ஜூலை 2025

கதிரேசனுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. தை மாதம் இனியா கல்யாணத்தில் தாய்மாமன் என்று மாலை போட்டு உட்கார வைத்தால், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, பந்திக்கும் வராமல், "போயிட்டு வாரேன்" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எழுந்து போனவன் நீ. மொய் எழுத வந்த அசலூர்க்காரன்கூட அப்படிப் போகமாட்டான். இனியா இன்னமும், "மாமனுக்கு எம்மேல என்னங்மா கோவம்?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

இந்த ஒரு வாரமாக உன் நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். உன் வீட்டுக்காரி கீதாவுக்கு அடித்தால், "அவரு தூங்கறாருங்க அண்ணி" என்கிறாள். காலையில் அடித்தாலும் தூக்கம், சாயங்காலம் அடித்தாலும் தூக்கம். அதனால்தான் தபால். கடுதாசி வந்தால் நீ பதில் போடாமல் இருக்கமாட்டாய், ஒரு வசவாவது எழுதுவாய்.

விசயத்துக்கு வருகிறேன். நம்ம பீளமேட்டு ஜெரோம் புது ஆல்பம் போட்டிருக்கிறார். பேர் 'ஏனுங்'. 'மூணாம் ஷிப்ட்' பேண்ட் கலைந்து பத்தொன்பது வருசம் கழித்து, இந்த வயசில், அதே கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுசர். உனக்குச் சொல்லவேண்டியதில்லை, அவர் கேசட்டை ஓடவிட்டுக் கூடவே கத்திக் கத்தித்தான் உனக்குத் தொண்டையே திறந்தது. அந்தத் தொண்டையை வைத்துத்தானே அந்தியூர்ச் சந்தையில் மைக் பிடித்து, குதிரை காணோம் குழந்தை காணோம் என்று அறிவித்துச் சோறு தின்கிறாய்.

ரசிகர் குரூப்பில் முதல் நாள் ஒரே வசவு. டிரம்ஸா தகர டப்பாவா என்று ஒருத்தர். தாத்தா, போய் ரெஸ்ட் எடுங்க என்று இன்னொருத்தர். பீளமேட்டில் காலேஜ் படிக்கிற மேக்னா என்கிற பெண் வீடியோ போட்டு, அஞ்சுக்கு ரெண்டு மார்க் கொடுத்துவிட்டது. எனக்கு அவ்வளவு மோசமாகப் படவில்லை. குரல் கரகரத்துப் போய்விட்டது, ஆனால் பொய் இல்லை. 'ஊடு' என்று கடைசிப் பாட்டு. ஆளில்லாத ஊட்டு வாசல்ல ஆரு போட்ட கோலம் இது என்று போகிறது. பாடி முடித்து, கிடார் அடங்கின பிற்பாடு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. சும்மா கிடக்கிறது.

மறுநாள் லோகப்பிரியா என்று ஒரு பெண் குரூப்பில் கேட்டாள்: "கடசிப் பாட்டு முடிஞ்சதும் எங்கப்பா கொரல் கேக்குதுங்க. வேற ஆருக்காச்சும் கேக்குதுங்களா?" எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்கள் வீதியில் தையல் கடை வைத்திருக்கிற ராசாத்தாளுக்கு, கொரோனாவில் போன அவள் வீட்டுக்காரர் குரல். மேக்னா வீடியோவை எடுத்துவிட்டு, "அது எங்க சித்தி" என்று ஒரே வரி போட்டது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு குரல். அத்தனையும் செத்துப்போனவர்கள் குரல்.

எனக்குக் கேட்டது உன் குரல், கதிரேசா.

"ஏனுங்… அக்கோவ்…" ரெண்டே தடவை. நீ வண்டியை நிறுத்திவிட்டு என் வீட்டுக் கேட்டில் நின்று கூப்பிடுவாயே, அந்தக் 'கோவ்'வை இழுத்து, அப்படியே. மூன்றாவது தடவை இல்லை. அம்மா சொல்லுமே, உச்சிப்பொழுதில் வாசலில் யார் கூப்பிட்டாலும் மூணாவது கொரலுக்குத்தான் ஏனுன்னு கேக்கோணும், காத்துக்கருப்பு ரெண்டு தடவைக்கு மேலே கூப்பிடாது என்று. அதுதான் ஞாபகம் வருகிறது.

நீ உயிரோடு இருக்கிறாயா? இருந்தால் உன் கையால் ரெண்டு வரி எழுது. கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறே.

அன்புக்கரசி


அந்தியூர்
19 ஜூலை 2025

பெருமதிப்பிற்குரிய கணபதி அன்புக்கரசி அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் தம்பி இன்னும் சாகவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். காலையில் ராகிக் கூழ் குடித்தேன். இது என் கையெழுத்துதான், 'ழ'வுக்கு இன்னும் பன்றிவால் போட்டுத்தான் எழுதுகிறேன், சந்தேகம் இருந்தால் மச்சானிடம் காட்டிக்கொள்ளவும்.

ஆறு மாசமாக வாய்ப்பேச்சு இல்லாமல் இருந்துவிட்டு, யாரோ பாட்டில் கூப்பிட்டார்கள் என்று கடுதாசி போடுகிறீர்கள். நல்லது. ரெண்டு தடவை கூப்பிட்டது பற்றி நீங்கள் பேசலாமா, அக்கா? பங்குனியில் நான் உங்களுக்கு ரெண்டு தடவை போன் போட்டேன். மத்தியான நேரம்தான். முழுசாக அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. அம்மா சொன்னபடி மூணாவது தடவைக்குக் காத்திருந்தீர்களாக்கும். நான் காத்துக்கருப்பு இல்லை.

ஆல்பம் நான் கேட்கவில்லை. கேட்கிற எண்ணமும் இல்லை. ஜெரோம் முதல் ரெண்டு கேசட்டோடு நிறுத்தியிருக்க வேண்டிய ஆள், உங்களுக்கு அவர் தும்மினாலும் பிடிக்கும். ஏதாவது பழைய டேப்பில் கூட்டத்துச் சத்தம் விழுந்திருக்கும். நாம் அவர் கச்சேரிகளில் முன்வரிசையில் நின்று கத்தாத கத்தா? அதில் என் சத்தமும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒலி போடுகிறவனுக்குத் தெரியும் இதெல்லாம்.

குருநாதசாமி பண்டிகை வருகிறது. இந்த வருசம் சந்தையில் மைக் கீதா கையில். ஒத்திகைக்கு நேற்று, "காளை புடிச்சிருக்கற அண்ணனுங்கெல்லாம் கொஞ்சம் ஓரமா போங்கோ, கண்ணுங்களா" என்று சொல்லி அத்தனை ஆம்பளைகளையும் சிரிக்க வைத்துவிட்டாள். எனக்கு ஓய்வு. என்ன ஏது என்று கேட்கவேண்டாம்.

என் போனை அணைத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். பேச ஆளில்லாதவனுக்குப் போன் எதற்கு?

இனியாவிடம், மாமனுக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை என்று சொல்லவும்.

கதிரேசன்


கணபதி
29 ஜூலை 2025

கதிரு,

கடுதாசியைப் பார்த்ததும் அழுதுவிட்டேன், அப்புறம் படித்துப் பார்த்து எரிச்சலும் பட்டேன். 'நீங்கள்' போட்டு எழுதி என்னை மண்டபத்துக்கு வந்த விருந்தாளி ஆக்கிவிட்டாய்.

போன் எடுக்கவில்லைதான். உன் பேர் திரையில் வந்தது, கையில்தான் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான், நன்றாகக் கேட்கட்டும், மூணாவது தடவை அடித்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன், இந்தக் கையில் கம்பி, அந்தக் கையில் போன். நீ மூணாவது தடவை அடிக்கவே இல்லை. உனக்கு மட்டும் என்ன அவ்வளவு வீம்பு?

நீ சொன்ன கூட்டத்துச் சத்தம் கதை நடக்காது. தீபக் என்று குரூப்பில் ஒருத்தர், ஐ.டி. ஆபீஸில் வேலை, ஒலிப்பதிவுக் கிறுக்கு. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த எடத்துல ஒண்ணுமே இல்லீங்க. கோடு நேரா போகுது. மூச்சுச் சத்தங்கூட இல்லீங்க." அப்படிச் சொன்ன மனுசருக்கே அவருடைய தாத்தா குரல் கேட்கிறது. அதை அப்புறம்தான் ஒத்துக்கொண்டார்.

மேக்னா ஜெரோமிடமே கேட்டுவிட்டது. இன்ஸ்டாகிராமில் நேரலையில் வந்தபோது, "கடசியில கூப்புடறது ஆருங்க சார்?" என்று. அவர் தாடியைத் தடவினார். "நானொண்ணும் பாடுலீங் கண்ணு. எடம் உட்டேன். ஆரு வந்து உக்காந்தாங்கன்னு நீங்கதான் எனக்குச் சொல்லோணும்" என்றார். பயந்துபோன முகம், கதிரு. நாற்பது வருசமாக அந்த முகத்தைப் பார்க்கிறோம், அவர் மேடையில் ஒருதடவைகூடப் பயந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீளமேட்டில் ஒரு மாடி ஹாலில் எல்லோரும் கூடிக் கேட்டோம். ஆல்பத்தைத் திட்டினவர்கள், கும்பிட்டவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் பாட்டுக்குக் கைதட்டினோம், நாலாவது பாட்டில் சிலபேர் ஆடக்கூட ஆடினார்கள். 'ஊடு' முடிந்து கிடார் அடங்கியது. ஹாலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஒரே பக்கம் இல்லை, கதிரு. ஒருத்தர் கதவுப் பக்கம், ஒருத்தர் ஜன்னல் பக்கம், ஒரு பெரியவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார், லோகப்பிரியா தன் காலடியைப் பார்த்தாள். அவரவருக்கு அவரவர் ஆள் எங்கே இருந்து கூப்பிட்டார்களோ அங்கே.

எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். "என்னுங்ப்பா." "இதா வந்துட்டனுங்." "சொல்லுங் சித்தி." நம்ம ஊர் வாய்க்குக் கூப்பிட்டால் ஏனென்று கேட்காமல் இருக்கத் தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ரெண்டாவது தடவை நீ "அக்கோவ்" என்றதும், என்னையறியாமல், "வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து திரும்பவும் போட்டுப் பார்த்தேன். இப்போது கடைசிப் பாட்டுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. ராசாத்தாளுக்கும் இல்லை. பதில் சொன்ன யாருக்கும் இல்லை. குரூப்பில், அப்பாடா, போயிருச்சு என்று சிலபேர் நிம்மதியாக எழுதினார்கள்.

நேற்று உச்சிப்பொழுதில் என் வீட்டுக் கேட்டில் இருந்து கூப்பிட்டது. ரெண்டு தடவை. நான் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் வீதி வெறிச்சென்று கிடந்தது.

நீ அந்தியூரில்தான் இருக்கிறாயா?

அக்கா


அந்தியூர்
4 ஆகஸ்ட் 2025

அக்கா,

அந்தியூரில்தான் இருக்கிறேன். நீங்கள் சொன்ன அன்றைக்கு முழுக்க வீட்டைவிட்டு நகரவில்லை, அதற்கு முன்தினமும் அப்படித்தான், கீதா சாட்சி.

உங்கள் கடுதாசி வந்தபிறகு கீதா போனில் ஆல்பத்தைக் கேட்டேன். கேட்கமாட்டேன் என்று எழுதின வாய்தான், சரி, கைதான். சண்டைக்கு நடுவே ஒரு நல்ல விசயம் சொல்கிறேன்: ரொம்ப நன்றாக இருக்கிறது. தகர டப்பா என்றவனுக்குக் காது கேட்காது. அது தறி ஓடுகிற தாளம், அவர் அப்பா மில்லில் ஓட்டின தறி. குரல் போய்விட்டது என்று குறை சொல்கிறார்களே, போன குரலை வைத்துக்கொண்டு பாடுகிறவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவர்களுக்கு என்ன தெரியும். மூணாவது பாட்டில் உச்சத்துக்குப் போகமுடியாமல் பாதியில் மூச்சு விடுகிறார் பாருங்கள், அந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

கடைசிப் பாட்டில் எனக்கும் கேட்டது. யார் என்று சொல்லமாட்டேன். நான் பதில் சொல்லவில்லை.

நான் சொல்வதைக் கேளுங்கள். வாசலில் கூப்பிடுவது நான் இல்லை. எவ்வளவு பாசமாகக் கூப்பிட்டாலும் நான் இல்லை. திறக்கவேண்டாம், இன்னொரு தடவை பதில் சொல்லவும் வேண்டாம். மத்தியானத்தில் மச்சானைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வரச்சொல்லிக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

கதிரு


கணபதி
11 ஆகஸ்ட் 2025

கதிரு,

ஒரு வார்த்தை. நான் கேட்பது ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல உனக்கு என்ன கேடு?

முந்தாநாள் கீதாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் முன்னால் வை என்று கெஞ்சினேன். வைத்தாள். "கதிரு, நீதான்னு ஒரு வார்த்தை சொல்லு, இந்த வாசல்ல கூப்புடறத என்னன்னு நான் பாத்துக்கறேன்" என்றேன். நீ அங்கே இருந்தாய், எனக்குத் தெரியும். மூச்சு கேட்டது. அது என்ன மூச்சு, கதவிடுக்கில் காற்றுப் போகிற மாதிரி? அப்புறம் கீதா அழுதுகொண்டே வைத்துவிட்டாள். இவ்வளவு வன்மமா உனக்கு?

உன் மச்சானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டது, அவர் பாட்டுக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் மூளை பிசகிவிட்டது என்று நினைத்தேன். நேற்று எதிர்வீட்டு நாச்சியம்மாள் வாசலில் காயப்போட்ட துணியை எடுக்க வந்தபோது என்னிடம் கேட்டது: "ஏனுங் அம்மணி, உங்க தம்பி வந்து ரெண்டு தடவ கூப்புட்டாருங்களே, கதவத் தொறக்கோணுமுங்கல்ல? கல்யாணத்துல என்னமோ மனஸ்தாபம்னாலும் வெயில்ல நிக்க வெக்கறதுங்களா?" பார்த்தீங்களா என்று கேட்டேன். "ஊட்டுக்குள்ள இருந்தனுங், கொரலத்தான் கேட்டேன். அந்தக் கொரலு ஆருக்குத் தெரியாது?" என்றது.

இதையும் கேள். ராசாத்தாள் திறந்துவிட்டாள். போன வாரம் மத்தியானம், அவள் வீட்டுக்காரர் வெளியே இருந்து, "ராசாத்தி, தண்ணி வந்துருச்சு" என்றாராம், அவள் பாட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தாளாம். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. நான் போனேன். முகத்துக்கு நேரே நின்று, "ராசாத்தி, நாந்தான்" என்றேன். எனக்குப் பின்னால் யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். பேரக்குழந்தை வீல் என்று கத்துகிறது, மகள் அதைத் தூக்கி அவள் மடியில் வைக்கிறாள், அவளுக்குக் காதிலேயே விழவில்லை. மெசினை மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கிறாள். ஊசியில் நூலே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, கதிரு. அதைவிடப் பயம் என்ன தெரியுமா? எனக்குத் திறக்கவேண்டும்போல இருக்கிறது. இந்த ஆறு மாசத்தில் என்னை அவ்வளவு பாசமாகக் கூப்பிட்ட வேறு ஆள் இல்லை. நேற்று தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். நீ பேசமாட்டாய் என்றால், பேசுகிற தம்பிக்குத் திறந்துவிட்டுப் போகிறேன். எனக்கு என்ன?

அக்கா


அந்தியூர்
16 ஆகஸ்ட் 2025

அக்கா,

திறக்காதே. இதைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது திறக்காதே.

எனக்குப் பேச்சு இல்லை. வன்மம் இல்லை அக்கா, பேச்சே இல்லை. தொண்டையில் கட்டி. பங்குனியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. நீ போனில் கேட்டது அதுதான். எழுதிக் காட்டித்தான் கீதாவோடு குடும்பம் நடத்துகிறேன். யாருக்கும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினது நான், அவளைத் திட்டாதே. மைக்குக்காரன் ஊமையாகிவிட்டான் என்று சந்தையில் நாலுபேர் உச்சுக்கொட்டுவதை என்னால் தாங்கமுடியாது. உன்னிடம் மறைத்தது அதனால் இல்லை. நீ போனை எடுக்காத ஆத்திரம். போகட்டும், கடைசிவரைக்கும் தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்றே குரல் போய்விட்டது. துண்டைச் சுற்றியிருந்தது கழுத்து வீக்கம் தெரியாமல் இருக்க. சோறு விழுங்கமுடியவில்லை, அதனால்தான் பந்திக்கு வரவில்லை. நான் சொல்லாமல் போகவில்லை, அக்கா. உன் பக்கத்தில் வந்து நின்று, "போயிட்டு வாரேனுங்க்கா" என்று சொன்னேன். சத்தம் வரவில்லை. நாதஸ்வரம் வேறு. நீ சம்பந்தி வீட்டாருக்குத் தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருந்தாய், திரும்பவில்லை.

மருந்தில் கொஞ்சநாள் குரல் திரும்பி வந்தது. ஆபரேசனுக்கு முந்தின நாள் டாக்டர், "உங்க குரலை ஏதாவது பதிவு பண்ணி வெச்சுக்கங்க" என்றார். ஊரெல்லாம் கேட்ட குரல், எதைப் பேசிப் பதிவு செய்வது? அதற்குப் பதிலாக உனக்குப் போன் போட்டேன். கடைசியாக ஒரு தடவை "ஏனுங் அக்கோவ்" என்று கூப்பிடவேண்டும், நீ "சொல்லு கண்ணு" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். ரெண்டு தடவை போட்டேன். அதற்குள் நர்ஸ் வந்து படுக்கச் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் மூணாவது தடவையும் போட்டிருப்பேன், அக்கா. வீம்பு இல்லை.

ஆல்பத்தில் எனக்குக் கேட்ட குரல் யாருடையது என்று இப்போது சொல்கிறேன். என் குரல்தான். "ஏனுங்… அக்கோவ்…" ரெண்டு தடவை. என்னைக் கூப்பிடவில்லை, என்னைத் தாண்டி உன்னைக் கூப்பிட்டது. எல்லோருக்கும் செத்தவர்கள் கேட்கிறார்கள் என்று எழுதினாயே, உனக்கும் செத்ததுதான் கேட்டிருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன். அது செத்துவிட்டது. அது என்னை விட்டுவிட்டு உன் வாசலுக்கு வந்து நிற்கிறது. எனக்கு அதன்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது, நான் வரமுடியாத இடத்துக்கு அது வந்துவிட்டதே என்று.

ஆனாலும் திறக்காதே. திறந்தால் ராசாத்தாள் மாதிரி அதை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். அப்புறம் நான் எதைக் காட்டி உன்னைக் கூப்பிடுவேன்? எனக்கு இருப்பது கையும் காகிதமும்தான்.

பண்டிகை முடிந்துவிட்டது. கீதா ஜமாய்த்துவிட்டாள். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறேன். மத்தியானம் ஆகிவிடும். வாசலில் நின்று கூப்பிட என்னால் முடியாது. அதைத்தான் எப்படி என்று தெரியவில்லை.

கதிரு


கணபதி
20 ஆகஸ்ட் 2025

என் கண்ணு கதிரு,

உன்னை என்ன செய்தால் தகும்? எந்த ஆஸ்பத்திரி என்று கீதாவிடம் கேட்டேன். பீளமேட்டிலாம். இங்கேயிருந்து ஒரு பஸ்ஸு. நான் இங்கே காயில் சுற்றிக்கொண்டு, நன்றாக மன்னிப்புக் கேட்கட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், நீ அங்கே கழுத்தை அறுத்துக்கொள்ளப் படுத்துக் கிடந்திருக்கிறாய். உன் மச்சான் ராத்திரி சாப்பிடவில்லை. இனியா, "மாமன் எங்கிட்டயுஞ் சொல்லிட்டுத்தான் போயிருக்கும், எனக்குத்தான் கேக்குலீங்மா" என்று ஒரே அழுகை.

சொல்லாமல் போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. சொன்னவனைப் பார்த்துத் திரும்பாதது நான்தான்.

ராசாத்தாளை அவள் மகள் ஈரோட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். குரூப்பை ஜெரோமே மூடச் சொல்லிவிட்டார். அந்தக் காலி இடத்தை வெட்டிவிட்டு ஆல்பத்தைத் திரும்பவும் ஏற்றியிருக்கிறார். இப்போது கிடார் அடங்கினதும் பொட்டென்று நின்றுவிடுகிறது. பாதிப்பேர் அவரைக் கெடுத்துவிட்டாய் என்று திட்டுகிறார்கள், எங்கப்பாவைத் திருப்பிக் கொடு என்று லோகப்பிரியா அழுது ஒரு வீடியோ போட்டிருக்கிறாள். எனக்கு அவளைத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் வெளியே வந்தது வெளியேதான் இருக்கிறது, கதிரு. அதை யாரும் வெட்டமுடியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மத்தியானம் ஆகிவிட்டது. உன் மச்சான் லேத் பட்டறைக்குச் சாமான் எடுக்கப் போயிருக்கிறார். இப்போது கேட்டில் கூப்பிட்டது.

"ஏனுங்… அக்கோவ்…"

பேனாவை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டாகிவிட்டது.

கேள், கதிரு. மூணாவது தடவையும் கூப்பிட்டுவிட்டது. இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. அப்புறம், "போயிட்டு வாரேனுங்க்கா, கதவத் தொறங்" என்கிறது. அன்றைக்கு நீ மண்டபத்தில் சொன்னது, நான் கேட்காதது. அம்மா கணக்குப்படி மூணாவது குரலுக்கு மனுசர்தான் நிற்கவேண்டும். எழுந்துபோய்த் திறக்கவேண்டும். உன் கடுதாசியை மடியில் வைத்து இடது கையால் அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் திறக்கவில்லை. என்றைக்கும் திறக்கமாட்டேன். அது கூப்பிடக் கூப்பிட, இது என் தம்பி இல்லை, என் தம்பியால் கூப்பிடமுடியாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாச்சியம்மாள் கேட்டால் எனக்குப் பைத்தியம் என்று நினைக்கும், நினைத்துவிட்டுப் போகட்டும்.

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், நீ கிளம்புவதற்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது கேட்டில் நின்று முழிக்காதே. கேட்டின் தாழ்ப்பாளை நீயே நீக்கு. பின்பக்கமாகச் சுற்றி வந்து சமையல்கட்டுக் கதவைத் தள்ளு, அது சாத்தியிருக்காது. தட்டவேண்டாம், மணி அடிக்கவேண்டாம். நான் உள்ளே உன் பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பேன். நீ வருவதும் போவதும் இனி என் கண்ணில் படாமல் நடக்காது. கூழ் காய்ச்சி ஆறவைத்திருப்பேன்.

முன்வாசலில் உன் குரலில் யார் என்ன கூப்பிட்டாலும் அது நீ இல்லை. நீ கூப்பிடாமல் வா, கண்ணு.

அக்கா